கொலாபாவில் பழைய தீவின் கரையை நடந்தே கண்டுபிடிப்பது எப்படி

மும்பைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் ஒரு படம், தாஜ் ஹோட்டல் முன்னால் ஒரு படம், காஸ்வே நடைபாதைக் கடையில் பேரம் பேசி ஒரு ஜோடி செருப்பு என்று முடித்துக்கொண்டு டாக்சி பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்தச் செருப்பு வாங்கிய சாலையே கடலுக்குக் குறுக்கே போட்ட சாலை என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கே இருந்திருப்பார்கள். கொலாபா ஒரு தீவு. தனியாகக் கடலுக்குள் கிடந்த தீவு. அதன் கரை இன்றும் முழுசாக அழிந்துவிடவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் ஒரு காலைப்பொழுதில் நடந்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, இது தெரியாமல் நடந்தால் வெறும் கட்டடங்கள்தான் கண்ணில் படும். பம்பாய் ஏழு தீவுகளாக இருந்தது. வடக்கிலிருந்து மாஹிம், வொர்லி, பரேல், மஜகாவ், நடுவில் பம்பாய் என்ற பெரிய தீவு, அதற்குத் தெற்கே ஓல்டு உமன்ஸ் ஐலண்ட் என்று ஒரு சின்னத் துண்டு (இதைச் சின்னக் கொலாபா என்றும் சொல்வார்கள்), கடைசியாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கொலாபா. 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்ச்சுகீசியர் கைக்குப் போய், 1661-இல் ஆங்கிலேய மன்னருக்கும் போர்ச்சுகீசிய இளவரசிக்கும் நடந்த திருமண ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரிடம் வந்து, 1668-இல் ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விடப்பட்டது. இந்தத் தெற்குத் தீவுகள் இரண்டும் மட்டும் கம்பெனி கைக்கு வர 1675 ஆகிவிட்டது. 1796-இல் கொலாபாவைப் படைமுகாம் ஆக்கினார்கள். 1838-இல் காஸ்வே, அதாவது கடலுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய பாதை, திறக்கப்பட்டது. அதுவரை கடல் வற்றினால் நடந்து போவார்கள், ஏறினால் படகு. அந்தப் படகும் சில சமயம் கவிழும்.

நடந்து போவார்கள் என்றால் சென்னைக்காரர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மெரினாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் சுமார் ஒரு மீட்டர்தான், கவனித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. மும்பையில் பெரிய ஏற்றம் வரும் நாட்களில் மட்டம் நான்கைந்து மீட்டர் வரை மாறும். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சேறும் பாறையும்தான் இருக்கும். ஏழு தீவுகளை ஒட்டவைக்க முடிந்ததற்கும் இதுதான் முக்கியக் காரணம், தீவுகளுக்கு நடுவே இருந்த பல இடங்கள் பாதி நாள் கடல், பாதி நாள் சேற்று நிலம்.

அதனால் போகிற நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், இந்த வழிகாட்டியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை அல்லது பௌர்ணமி, அல்லது அதற்கு அடுத்த நாள். அந்த நாட்களில்தான் கடல் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக இறங்கும், அதோடு மும்பையில் அந்த நாட்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய நண்பகலை ஒட்டி வரும், வற்றம் விடிகாலை ஆறு மணி வாக்கில் வரும். நமக்குத் தேவையான நேரமும் அதேதான். சரியான நிமிடம் வேண்டுமென்றால் இணையத்தில் மும்பைக்கான ஏற்றவற்ற அட்டவணை கிடைக்கும், முந்தின நாள் இரவு பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தொந்தரவு குறைவு. ஜூன், ஜூலை வேண்டாம். மழை ஒரு பக்கம், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும். நம் ஊர்த் தடைக்காலம் ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து ஜூன் நடுவில் முடிந்துவிடும், அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே வந்து ஏமாற வேண்டாம்.

தென் மும்பையில் ஆட்டோ கிடையாது. தாராவியிலோ சயானிலோ மாதுங்காவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தால் அதிகாலை டாக்சி பிடித்து நேராக சாசூன் டாக் என்று சொல்லுங்கள், ஐந்தரைக்கு அங்கே நின்றால் நல்லது. காலில் பிடிமானமான, நனைந்தால் கவலைப்படாத செருப்பு. புதுச் சட்டை வேண்டாம். அடையாள அட்டை ஒன்று பையில் இருக்கட்டும், இது முழுக்கக் கடற்படையும் ராணுவமும் சூழ்ந்த பகுதி.

சாசூன் டாக் 1875-இல் ஆல்பர்ட் சாசூன் என்ற பாக்தாத் யூத வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர் கட்டியது. மேற்கு இந்தியாவில் கப்பல்கள் நீர் வற்றாமல் நிற்கும்படி அமைத்த முதல் துறை அதுதான், பருத்தி ஏற்றிப்போவதற்காக எழுந்தது. இன்று மீன் துறைமுகம். மணிக்கூண்டு வைத்த வாசலைத் தாண்டினால் தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், தலையில் கூடையோடு ஓடுகிற பெண்கள், வழி விடச் சொல்லிக் கத்துகிற கைவண்டிக்காரர்கள். ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்று வேடிக்கை பார்த்தால் அவர்கள் பிழைப்புக்கு இடைஞ்சல். படகிலிருந்து கரையில் நிற்பவருக்கு மீன் கூடை காற்றில் பறந்து வரும், அதைப் பிடிக்கிற கை ஒரு தடவைகூடத் தவறுவதில்லை, பிடித்த அதே வேகத்தில் கூடை அடுத்த கைக்குப் போய்விடும். உள்ளே தள்ளிப் போனால் கோலி மீனவப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். தலையைத் திருகி, ஓட்டை ஒரே இழுப்பில் கழற்றி, சதை ஒரு பாத்திரத்திலும் ஓடு ஒரு குவியலிலும் விழும், பேச்சு நிற்காது, கண் இறாலைப் பார்க்கவே பார்க்காது.

மீன் பெயர் நமக்குப் புரியாது என்று தயங்க வேண்டாம். பாப்லெட் என்றால் வவ்வால், சுர்மை என்றால் வஞ்சிரம், பாங்டா கானாங்கெளுத்தி, ராவஸ் காலா, போம்பில் என்பது வங்கராவாசி. விலை கேட்கும்போது வயதானவரை மாவ்ஷி என்றும் இளையவரைத் தாயி என்றும் கூப்பிடுங்கள், இந்தியில் மேடம் என்று ஆரம்பிப்பதைவிட நல்ல பதில் கிடைக்கும். படம் எடுக்க இங்கே கட்டுப்பாடு உண்டு, காவலர் மறுத்தால் வாதாட வேண்டாம். எடுக்கலாம் என்றாலும் ஆள் முகத்தை எடுக்கும் முன் "ஃபோட்டோ காடூ கா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆறேகால், ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பி மேற்குப் பக்கம், கஃப் பரேடு நோக்கி நடங்கள். பத்துப் பதினைந்து நிமிடம். தீவின் குறுக்களவு எவ்வளவு சின்னது என்பது இந்த நடையில் காலுக்கே தெரிந்துவிடும், கிழக்குக் கடலிலிருந்து பழைய மேற்குக் கடலுக்கு ஒரு டீ குடிக்கும் நேரத்தில் போய்விடுகிறோம்.

கஃப் பரேடில் பழைய பங்களாக்கள் மிச்சம் இருக்கின்றன, எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கவனியுங்கள். எல்லாம் மேற்கே. பெரிய பெரிய வராந்தாக்கள், சாய்ந்த ஓட்டுக் கூரை, எல்லாம் எதிரே நிற்கிற அடுக்குமாடிக் கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி. யாரும் காசு செலவழித்து அப்படிக் கட்டமாட்டார்கள் இல்லையா? அவை கட்டப்பட்டபோது எதிரே கடல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கடலை நிரப்பி இந்தக் கடற்கரைச் சாலையைப் போட்டது, டிரஸ்டில் இருந்த கஃப் என்பவர் பெயரை வைத்தது. 1960, 70-களில் அதற்கும் மேற்கே மறுபடியும் நிரப்பி வானுயரக் கட்டடங்கள் எழுப்பினார்கள், கடற்கரைச் சாலை ஊருக்கு உள்ளே போய்விட்டது. பழைய கரையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பழைய வீட்டின் முகத்தைப் பாருங்கள், அது பார்க்கிற பக்கம் முன்பு கடல்.

இப்போது பத்வார் பார்க் பக்கம் வாருங்கள். ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு. இந்த இடத்தில்தான் கொலாபா ரயில் நிலையம் இருந்தது. பம்பாய் பரோடா ரயில்வே 1873-இல் கொலாபா வரை பயணிகளைக் கொண்டுவந்தது, 1930 கடைசி நாளோடு நிலையம் மூடப்பட்டு ரயில் சர்ச்கேட்டோடு நின்றுவிட்டது. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், தீவுக்கு ரயில் வர முடிந்ததே கடலை நிரப்பியதால்தான், ரயில் போனதும் இன்னொரு நிரப்பலுக்காகத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனது, பம்பாய்ப் பருத்திக்குத் தங்க விலை வந்தது, அந்தப் பணத்தில் கடலை நிரப்பக் கம்பெனிகள் முளைத்தன. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து கம்பெனிகள் திவாலாயின. 1920-களில் ஆளுநர் ஜார்ஜ் லாய்டு காலத்தில் கொலாபாவுக்கு மேற்கே இருக்கும் பேக் பே வளைகுடா முழுவதையும் நிரப்புகிறோம் என்று அரசே இறங்கியது. எட்டுப் பிளாக் திட்டம், செலவு எங்கேயோ போக, ஊழல் என்று வழக்கறிஞர் கே. எஃப். நரிமன் வெளிப்படையாகப் போராட, வடமுனையில் இரண்டும் தென்முனையில் இரண்டுமாக நான்கோடு நின்றது. நடுவில் விட்டுப்போனதில் ஒரு பகுதியைத்தான் பிறகு நிரப்பி நரிமன் பாயிண்ட்டும் புதுக் கஃப் பரேடும் ஆக்கினார்கள். அந்தப் பெயர் அவருடையதுதான். நிரப்பலை எதிர்த்தவர் பெயர் நிரப்பிய நிலத்துக்கு.

மிச்சம் விட்டுப்போன கடல்தான் இப்போது உங்கள் எதிரே இருக்கிறது. பத்வார் பார்க்குக்கும் மீனவர் குடியிருப்பான மச்சிமார் நகருக்கும் பக்கத்தில் கரை ஓரமாக நின்றால் எதிர்ப்புறம் நரிமன் பாயிண்ட் கட்டடங்கள், நடுவில் வளைகுடா, வற்றத்தில் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும் படகுகள். வற்ற நேரத்தில் வரச் சொன்னது இதற்காகத்தான். சேற்றுத்தரை எவ்வளவு தூரம் வெளியே தெரிகிறது, நிரப்புகிறவர்களுக்கு இது எவ்வளவு சுலபமாகத் தோன்றியிருக்கும் என்று நேரில் பார்க்கலாம். வலைகள் காய்ந்துகொண்டிருக்கும், மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தீவுகளில் முதலில் இருந்தவர்கள் கோலி மீனவர்கள், கொலாபா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். மீனவனுக்குக் கரை என்பது படகை ஏற்றி நிறுத்த, வலையைக் காயப்போட, கருவாடு உலர்த்த. ஒவ்வொரு நிரப்பலிலும் நகரத்துக்கு நிலம் கூடியது, இவர்களுக்கு அந்தக் கரைதான் போனது. அவர்கள் புதுக்கரைக்கு நகர்ந்தார்கள், அதற்கும் முன்னால் மறுபடி மண் விழுந்தது. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு வந்த பிறகுதான் பழைய வேகம் அடங்கியது. தீவை நகரத்தோடு சேர்த்த பெருமையைப் பேசும் பலகைகளில் இது இருக்காது. ஒரு கிலோ மீன் வாங்குங்கள், பேச விருப்பமுள்ளவர் கிடைத்தால் கரை முன்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். வயதானவர் என்றால் கையை நீட்டிக் காட்டுவார், அவர் காட்டும் இடம் எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமாக இருக்கும்.

அடுத்து தெற்கே, ஆஃப்கன் சர்ச். முதல் ஆங்கில ஆப்கான் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டி 1858-இல் திறந்தது. கோபுரம் சுமார் 60 மீட்டர், துறைமுகத்துக்கு வரும் மாலுமிகள் அடையாளம் வைத்துக்கொள்ள உதவியது. கதவு திறந்திருந்தால் உள்ளே போய் மர இருக்கைகளைப் பாருங்கள், சிப்பாய்கள் துப்பாக்கியைச் சாய்த்துவைக்கப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இந்த வாசலிலிருந்துதான் 1926 ஜூலை 15 அன்று பம்பாயின் முதல் பேருந்து கிராஃபர்ட் மார்க்கெட்டுக்குக் கிளம்பியது. தீவின் கடைசி வரை பேருந்து விடலாம் என்ற நிலைமைக்கு, காஸ்வே போட்டு தொண்ணூறு வருடத்துக்குள் வந்துவிட்டார்கள்.

இதற்கும் தெற்கே நேவி நகர், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1875-இல் கட்டிய பிராங்ஸ் கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கின்றன, உள்ளே தெரிந்தவர் இல்லாமல் விடமாட்டார்கள், முயற்சி செய்ய வேண்டாம். கொலாபா வானிலை ஆய்வகமும் இந்தப் பக்கம்தான், 1826-இல் தொடங்கியது. மும்பை மழைச் செய்தியில் கொலாபா இவ்வளவு, சாந்தாக்ரூஸ் இவ்வளவு என்று இரண்டு கணக்கு வருமே, அந்தக் கொலாபா. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது இங்கே 73 தான். ஊரோடு ஒட்டவைத்தாலும் வானம் இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறது.

சரி, இப்போது வடக்கே திரும்பி காஸ்வே முழுவதும் ரீகல் தியேட்டர் வரை நடக்க வேண்டும். அரசுக் கணக்கில் பெயர் ஷஹீத் பகத்சிங் ரோடு, அப்படிக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள், காஸ்வே என்றே கேளுங்கள். இதே தடத்தில் 1874 மே மாதம் முதல் குதிரை டிராம் ஓடியது, குதிரை லாயம் இருந்த இடத்தில்தான் இன்றைய எலக்ட்ரிக் ஹவுஸ். வழியில் வலது பக்கம் பிரியும் தெருக்கள் எல்லாம் சில நிமிடத்தில் கடல் சுவரில் முட்டும், இடது பக்கத் தெருக்கள் போய்க்கொண்டே இருக்கும். வலது பக்கம் கொஞ்சம்தான் நிரப்பினார்கள், இடது பக்கம் நிறைய. ஆர்தர் பந்தர் ரோடு, அப்பல்லோ பந்தர் என்று பந்தர் சேர்ந்த பெயரைப் பார்த்தால் அங்கே படகு கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் பந்தர் ரோடு வழியாக ஒரு தடவை கடல் சுவர் வரை போய் எட்டிப் பாருங்கள், கடல் முழுசாக ஏறியிருக்காவிட்டால் சுவருக்குக் கீழே கரும்பாறை தெரியும்.

பசி வந்திருக்கும். லியோபோல்டு கஃபே 1871-இலிருந்து இருக்கிறது, எதிரே ஒலிம்பியா என்ற உணவகத்தில் காலையில் கீமா பாவ் சூடாகக் கிடைக்கும், என் ஓட்டு அதற்குத்தான். சாப்பிட்டுவிட்டு ரீகல் ரவுண்டானாவில் வந்து நின்றால் நீங்கள் தீவை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள், ஏறக்குறைய இங்கேதான் கடல் குறுக்கே போனது. கேட்வேயைக் கடைசியில் வைத்தால் இன்னொரு லாபம், 1915-க்கும் 1919-க்கும் நடுவில் கடலை நிரப்பி அந்த இடத்தையே உண்டாக்கிய பிறகுதான் மேலே கட்டடத்தை எழுப்பினார்கள், 1924-இல் திறந்தார்கள் என்பது அப்போது உறைக்கும். நண்பகலை ஒட்டிக் கடல் ஏறி படிகளில் அடிக்கும். காலையில் சேறு பார்த்த கண்ணுக்கு இது வேறு ஊராகத் தெரியும்.

திரும்புவதற்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டது, 2025 அக்டோபரிலிருந்து அக்வா லைன் கஃப் பரேடு வரை ஓடுகிறது. ரீகலிலிருந்து நடந்தால் ஹுதாத்மா சௌக் நிலையம் பக்கம்.

இதே முறையை மற்றத் தீவுகளிலும் செய்துபார்க்கலாம். வொர்லி கோலிவாடா, அதாவது அங்கே இருக்கிற கோலிகள் குடியிருப்பு, நல்ல இடம். தாராவி, சயான் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை, சயான் கோட்டை மேலே ஏறி வடக்கே பார்த்தால் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் எல்லை முடிந்து கழி தொடங்கிய இடம் கீழே கிடக்கிறது, 1805-இல் முடித்த சயான் காஸ்வே அதைத் தாண்டித்தான் குர்லாவுக்குப் போனது. தாராவியிலும் கோலிவாடா இருக்கிறது, மாஹிம் கழி கெட்டுப்போகும் முன் அவர்களும் மீன் பிடித்தவர்கள்தான்.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் நாரளி பூர்ணிமாவைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் நம் காலண்டரில் ஆவணி அவிட்டம் போட்டிருக்கும் நாள். தடைக்காலம் முடிந்து கோலிகள் கடலுக்குத் தேங்காய் கொடுத்துப் படகை இறக்குகிற நாள், பௌர்ணமி என்பதால் பெரிய ஏற்றமும் அன்றுதான். மழை இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் என்று மாநகராட்சி எச்சரித்திருந்தால் கடல் சுவர் மேல் ஏற வேண்டாம்.